இடப்பக்கம் கேட்ட சத்தம்

ஒரு குறை இருக்கிறது என்று அறிவதும், அது எங்கே இருக்கிறது என்று அறிவதும் ஒரே அறிவுதானா? தெருக்கோடி வீட்டுக்காரரின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அவருக்கு அது எழுந்ததா என்று சொல்ல முடியாது. அவர் கேள்விகளைக் காதால் கேட்டாரே தவிர வாயால் கேட்டதில்லை.

மின்விசிறித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடமாக அவருக்கு ஒரே வேலை. மேசைக்கு வரும் மோட்டாரை ஓடவிட்டு, ஒரு மரக்குச்சியின் ஒரு முனையை அதன் மேலும் மறுமுனையைத் தன் காதோரமும் வைத்துக் கேட்பார். நல்லது பச்சைப் பெட்டிக்குப் போகும், கெட்டது சிவப்புப் பெட்டிக்கு. குறை மோட்டாரின் எந்த இடத்தில் என்பதை வேறு மேசைக்காரர்கள் பிரித்துப் பார்த்துக்கொள்வார்கள். இருக்கு, இல்லை: இந்த இரண்டு சொற்களில் அவருடைய உத்தியோகம் அடங்கிவிடும். "சாமி உண்டான்னு கேட்டாக்கூட இந்த ஆளு குச்சியை வெச்சுப் பாத்துட்டு ரெண்டுல ஒண்ணு சொல்லிடுவாரு" என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள். அவர்கள் வைத்த பெயர்தான் காதுக்காரர்.

அவரைப் பெரிய மேதை என்று சொல்வதற்கில்லை. ஒரே காரியத்தை விடாமல் செய்யும் யாருக்கும் வந்துவிடக்கூடிய திறமைதான் அது. ஆனால் அந்தத் திறமை ஒற்றைக் காதில் நின்றுகொண்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. இயந்திர இரைச்சலில் வலது காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. குச்சி எப்போதும் இடது காதோரம் என்பதால் வேலையில் ஒரு பிசகும் வரவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் மனைவி ஏரிக்கு அக்கரையில் இருக்கும் மருத்துவமனையில் நர்ஸ். நாற்பது கிலோமீட்டர். விடிவதற்குள் காரை எடுத்துக்கொண்டு போனால்தான் ஆறு மணிக்கு வார்டில் நிற்க முடியும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. பழைய சின்னக் கார், நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாக மட்டும் ஒரு சத்தம். வேகம் நாற்பதைத் தாண்டினால் தொடங்கும். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ விடாமல் 'ம்ம்ம்' என்று யோசித்துக்கொண்டிருப்பது போல. அறுபதில் யோசனை ஆழமாகும். வேகம் குறைந்தால் ஒரு முடிவுக்கும் வராமல் அடங்கிவிடும்.

"தாலாட்டு மாதிரி இருக்குங்க. ஏரிக்கரை வளைவுல கண்ணு சொக்குது. அதான் பயமா இருக்கு" என்றாள் மனைவி.

காதுக்காரர் முறையாகத்தான் ஆரம்பித்தார். கார் ஓடும்போதே கியரை நீக்கிப் பார்க்க அவளிடம் சொன்னார். சத்தம் மாறவில்லை, ஆகவே எஞ்சின் இல்லை. டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டார். சத்தம் அப்படியே இருந்தது, ஆகவே டயரும் இல்லை. மிச்சம் சக்கரத்து பேரிங். பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். ஏரி ஜன்னலுக்கு வெளியே எங்கோ வெளிச்சமாக நகர்ந்தது. சத்தம் அவருக்குள் ஒரு நீரோட்டம் போல முதுகுக்குப் பின்னால் இடப்பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது. கண்ணைத் திறந்து, "இடப்பக்கப் பின்சக்கரம்" என்றார். முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு குறைக்கு இடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

மனைவியின் தம்பி டவுனில் கார் பட்டறை வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமைக்கு முன் கை ஒழியாது என்றான். "அத்தான், காதை மட்டும் நம்பாதீங்க. ஜாக் போட்டுத் தூக்கி, ஸ்பிரிங்ல கைய வெச்சுக்கிட்டு சக்கரத்தைச் சுத்தி விடுங்க. கை சொல்லும்" என்று போனிலேயே சொல்லித்தந்தான்.

"கை எதுக்குடா, எனக்குக் கேக்குதே."

"காதுக்காரருக்குக் கை எதுக்கு, சரிதான். உங்க இஷ்டம்."

சனிக்கிழமை உதிரிபாகக் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சக்கரம் உட்காரும் ஹப்போடு சேர்ந்தே வரும் பேரிங், நான்கு போல்ட்டில் மாட்டுவது. இடத்துக்கும் வலத்துக்கும் இதே பொருள்தான் என்றார் கடைக்காரர். அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி சொன்னாள்: "திங்கக்கிழமை புது வார்டு என் பொறுப்புல வருது. லீவு கேக்க முடியாது. நீங்க சரியாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஏறி உக்காந்துடறேன்."

தேய்ந்த பேரிங் ஒரு நாள் சூடேறி இறுகும், இல்லையென்றால் சக்கரமே ஆடத் தொடங்கும். எந்த வளைவில் என்று முன்கூட்டிச் சொல்லாது. இதை அவர் அவளுக்கு விளக்கவில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு, புதுப் பேரிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்து வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை தகரக் கூரை போட்ட கார் நிறுத்துமிடத்தில் வேலை தொடங்கியது. கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் சின்னச் சின்னக் காசுகளாகத் தரையில் விழுந்து, நேரம் ஆக ஆக நகர்ந்தது. முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கில் தூக்கி, அடியில் இரும்புத் தாங்கி நிறுத்தினார். சக்கரம், பிரேக், தட்டு என்று கழற்றி, ஹப்பின் நான்கு போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். பின்பக்கமிருந்து மரச் சுத்தியலால் மெல்லத் தட்டியதும் அடம்பிடிக்காமல் கையோடு வந்துவிட்டது.

பழக்க தோஷம். அதைச் சுற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை வைத்து இடது காதில் கேட்டார்.

ஒன்றுமில்லை. அத்தனை சுத்தமான ஒன்றுமில்லாமை. தொழிற்சாலையாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பச்சைப் பெட்டியில் போட்டிருப்பார். சிறிது நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, பாரம் இல்லாதபோது பேரிங் கத்தாது, வண்டியின் கனம் ஏறினால்தான் கத்தும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய் இல்லை. தவறான நேரத்தில் துணைக்கு வரும் உண்மைகள் பொய்யைவிடக் கெட்டிக்காரத்தனமானவை. புதியதை இடப்பக்கத்தில் மாட்டி, எல்லாவற்றையும் முடுக்கி, மதியம் மனைவியை ஓட்டச் சொல்லி ஏரிவரை போனார்.

நாற்பதைத் தாண்டியதும் கதவுக்கு அந்தப் பக்கத்து ஆள் மறுபடி யோசிக்கத் தொடங்கினார்.

மனைவி காரை ஓரம் கட்டினாள்.

"எந்தப் பக்கம் கேக்குது?" என்றாள்.

"இடப்பக்கம்தான்."

"ரேடியோ எந்தப் பக்கம் கேக்கும் உங்களுக்கு?"

அவர் இடது காதைத் தடவிக்கொண்டார்.

"அடுப்படியில குக்கர் விசிலடிச்சா வாசலைப் பாப்பீங்க. உங்களுக்கு எல்லாமே இடப்பக்கம்தாங்க கேக்கும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நான் நர்ஸுங்க. பத்து வருஷமா உங்க இடப்பக்கமாவே நடந்து வர்றேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீ பள்ளம் மேடு பாத்து நடக்கறேன்னு நினைச்சேன்."

"நல்லா நினைச்சீங்க." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நாளைக்கு நான் போகணும். வாங்க" என்று வண்டியைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் வலப்பக்கத்தைத் தூக்கினார்கள். மனைவி சக்கரத்தைச் சுற்றிவிட, அவர் உள்ளே கைவிட்டு ஸ்பிரிங்கைப் பிடித்தார். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை ஒரு எறும்புக் கூட்டம் ஊர்ந்து போனது. சந்தேகத்துக்கு இடமில்லை. சக்கரம் நின்ற பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. "போதுங்க, நின்னுடுச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியாயிற்று. மாட்ட இன்னொரு பேரிங் இல்லை. அந்தச் சமயத்தில்தான், பட்டறை வேலையை அன்றைக்கு முடித்துவிட்டு, முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தம்பி பைக்கில் வந்து இறங்கினான். நடந்ததைக் கேட்டான். சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றான்.

"அத்தான், நல்ல பல்லைப் பிடுங்கின டாக்டரை இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன்."

"நீ வாய மூடுறியா, மூடலையா?" என்றாள் அக்கா.

"சரி சரி. பிடுங்கின பல்லை எடுங்க பாப்போம்." கழற்றி வைத்திருந்த பழைய இடப்பக்கத்து பேரிங்கைச் சுற்றிப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான். "அடி வாங்காம பூ மாதிரி வந்திருக்கு. இதுக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் அம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சாமான்தானே? கெட்டதைக் கழட்டிட்டு இதை வலப்பக்கம் மாட்டுங்க. ஒரு மணி நேர வேலை. தப்புப் பண்ணினதுல ஒரு நல்லது."

அது சரியான யோசனை. யாருக்கும் மறுப்பு இல்லை. காதுக்காரரும் தலையாட்டினார்.

வலப்பக்கத்து ஹப் இடப்பக்கத்தைப் போலச் சாதுவாக வரவில்லை. துருப்பிடித்து அரை மணி நேரம் பாடாய்ப் படுத்தியது. வெளியே வந்ததும் தம்பி அதைச் சுற்றினான். கையில் வைத்திருந்தபோதே கரகரத்தது. வெயில் கூரையிலிருந்து இறங்கிச் சுவருக்குப் போயிருந்தது. மனைவி மூன்று தம்ளர்களில் டீ கொண்டுவந்து வைத்தாள்.

தம்பி நல்ல பழைய பேரிங்கைத் துடைத்து நீட்டினான். காதுக்காரர் வாங்கினார். வாங்கிப் பக்கத்தில் ஒரு துணிமேல் வைத்துவிட்டு எழுந்து, ஜாக்கை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி இடப்பக்கம் போனார். காலையில் மாட்டி முடித்த சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தத் தொடங்கினார்.

"அத்தான், அந்தப் பக்கம் முடிஞ்சிடுச்சு. புதுசு அங்கதான் இருக்கு."

"தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கழட்டறீங்க?"

தாங்கியை நிறுத்தினார். சக்கரம், பிரேக், தட்டு. புதுப் பேரிங்கைக் கழற்றி வெளியே எடுத்தார். பழையதை, அது அத்தனை வருடம் இருந்த இடப்பக்கத்திலேயே மறுபடி மாட்டினார். புதியதைக் கொண்டுபோய் வலப்பக்கத்தில், ஓட்டுகிறவர் உட்காரும் பக்கத்தில் மாட்டினார். எட்டு போல்ட்டுகளையும் தம்பியின் ஸ்பேனரால் அளவு பார்த்து முடுக்கினார்.

"பைத்தியமா அத்தான் உங்களுக்கு? எப்படி மாட்டினாலும் ஒண்ணுதானே? ஒரு தடவை செய்யவேண்டிய வேலையை ரெண்டு தடவை செஞ்சிருக்கீங்க."

"அவரை விடுடா" என்றாள் மனைவி. ஆனால் அவளும் கணவனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஏரிவரை போய் வந்தார்கள். நாற்பது, ஐம்பது, அறுபது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. காற்றும் டயரும் மட்டும் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தன. வீட்டு வாசலில் இறங்கும்போது, "சரியாயிடுச்சு" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். திங்கள் விடிவதற்கு முன் அவள் கிளம்பிப் போனாள்.

தம்பி அந்தக் கதையைப் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். அவள் பக்கத்தில் புதியது இருக்கட்டும் என்று நினைத்திருப்பார் என்றார்கள் சிலர். தன் தப்பைத் தானே கழற்றி எடுக்காமல் அவருக்குத் தூக்கம் வந்திருக்காது என்றார்கள் வேறு சிலர். மனைவி ஒரே ஒரு தடவை நேராகக் கேட்டாள். காதுக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி நன்றாகவே கேட்டிருந்தது. நட்டு டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.