டிக்கியைத் தொடாத ராஜவேலு

இடுப்புக்கு மேலே உள்ள பாதி உடம்பு சான்ட்ரோவின் டிக்கிக்குள் இருக்கிறது. வெளியே தெரிவது இரண்டு கால்களும் ரப்பர் செருப்பும்தான். உள்ளேயிருந்து ராஜவேலுவின் குரல் மட்டும் வருகிறது. "மூணு ஜாண், நாலு விரக்கடை. இதுல தெனம் இன்னா ஏத்துவீங்க? அத்த மொதல்ல சொல்லுங்க."

காருக்குப் பாட்டு வைக்க வந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? பட்டு வியாபாரி பஞ்சாட்சரம் பொறுமை இழக்கிறார். "பேஸ் சத்தம் அதிரணும்பா. பெரிய பொட்டியா பார்த்து வெச்சுடு."

"வெக்கிறேன். பொடவ மூட்டைய மடியில வெச்சுக்கினு மெட்ராஸ் போவீங்களா?"

காஞ்சிபுரம் ரயில்வே ரோட்டில் பத்துக்குப் பத்து கடை. பன்னிரண்டு வருடமாக ராஜவேலு அங்கே காருக்கு ஸ்பீக்கர் மாட்டுகிறார். அவர் போட்ட சட்டம் ஊருக்கே தெரியும். தினமும் ஏற்றுகிற சரக்கைக் கொண்டுவந்து டிக்கியில் அடுக்கிக் காட்ட வேண்டும். பிறகுதான் மற்ற பேச்சு. சமையல் காண்ட்ராக்டர் ஒருவர் அண்டாவோடு வந்தார். சின்ன காஞ்சிபுரத்து ஆசிரியர் முரளீதரன், அம்மாவின் சக்கர நாற்காலியை மடித்து எடுத்துவந்தார். பஞ்சாட்சரமும் முணுமுணுத்துக்கொண்டே போய் மூட்டைகளோடு திரும்பினார். எல்லாம் ஏறியபின் கதவு மூட நான்கு விரல் இடம்கூட மிஞ்சவில்லை.

அங்கிருந்துதான் ராஜவேலுவின் வேலை ஆரம்பம். டிரைவர் சீட்டுக்கு அடியில் தட்டையாக ஒரு பேஸ் பெட்டி, பக்கத்து சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், முன் கதவுகளில் நல்ல ஸ்பீக்கர் இரண்டு. சில வண்டிகளுக்கு, சக்கரத்தின் பின்னால் வீணாய்க் கிடக்கும் மூலையின் வளைவுக்கு ஏற்பப் பிளைவுட்டை அறுத்துப் பெட்டி செய்வார். சிலரிடம், "உங்க வண்டிக்குப் பொட்டியே வேணாம், கதவுல இருக்கிறதே போதும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கேட்டதை விற்றுவிட்டுப் போகத் தெரியாத மனிதர்.

மெக்கானிக் என்று கூப்பிட்டால் பிடிக்காது. "அவரு இஞ்சின பாக்குறவரு. நான் காதைப் பாக்குறவன்" என்பார். மாட்டி முடித்ததும் சோதிக்க ஒரே கேசட்தான். கோயில் உற்சவத்தில் அவரே பதிவு செய்த தவில். வலது பக்கத்து விரல் சத்தத்தோடு குழையாமல், தொப்பி என்கிற இடது முகத்தின் குச்சியடி தனியாகக் கேட்க வேண்டும். அன்று பஞ்சாட்சரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாவது நிமிடம் அவர் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. "எங்கப்பா ஒளிச்சு வெச்சிருக்க?" என்றார். ராஜவேலு டீயை உறிஞ்சினார். அந்த உறிஞ்சலில் இருந்த கர்வத்துக்குத் தனியாக ஒரு டம்ளர் வேண்டும்.

இந்தக் கர்வமும் அந்தச் சட்டமும் சும்மா வந்துவிடவில்லை. அதற்கு முன் ஒரு தப்பு இருக்கிறது.

ஏலவார்குழலி சேலைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். டிசைனை ஃபிளாப்பியில் ஏற்றிக் கொடுத்தால், அதன்படி அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். அந்த அட்டை சொல்கிறபடிதான் தறியில் இழை ஏறி இறங்கும். 2001இல் தம் மாருதி 800க்குப் பாட்டு வைக்க வந்தார். ராஜவேலு டிக்கியைத் தொடவே இல்லை. பின் சீட்டுக்குப் பின்னால் உள்ள தட்டில் பெரிய ஓவல் ஸ்பீக்கர் இரண்டைப் பதித்தார். ஸ்பீக்கரின் காந்தம் மட்டும் டிக்கிக்குள் தொங்கியது. அந்த அம்மா அட்டைக் கட்டுகளை அடுக்கி, அதன் மேல் ஃபிளாப்பிப் பெட்டியை வைத்துக் கதவை மூடினார். பெட்டி காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. காந்தம் பட்டால் ஃபிளாப்பியில் இருப்பது அழிந்துவிடும்; ஒரே வாரத்தில் ஏழு டிசைன் போய்விட்டது. வேறு பிரதி இல்லை.

"உள்ள இன்னா வெப்பீங்கன்னு நான் கேக்கலமா. தப்பு என்னுது" என்றார் ராஜவேலு.

ஏழில் ஐந்துக்கு அட்டை அடித்து, பக்கத்து ஊரான ஐயம்பேட்டையின் தறிகளில் ஏற்றியிருந்தார்கள். ஓடுகிற தறியிலிருந்து அட்டையை இறக்க முடியாது. அமாவாசைக்குத்தான் தறிக்கு லீவு. ராஜவேலு நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, அட்டை படிக்கத் தெரியும். கடையைப் பூட்டிவிட்டு நான்கு அமாவாசை ஐயம்பேட்டைக்குப் போனார். ஒவ்வோர் அட்டையாகத் தூக்கிப் பிடித்து, "ஓட்டை, ஓட்டை, வெறும், ஓட்டை" என்று தொண்டை கட்டும் வரை வாசித்தார். அந்த அம்மா கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டே வந்தார். ஐந்து டிசைன் மீண்டது. மற்ற இரண்டு போனது போனதுதான்.

கடைசி நாள் ஏலவார்குழலி சொன்னது ஒரே வார்த்தை. "ஸ்பீக்கர கழட்டிடுங்கண்ணா." மூன்று வருடம் அந்த மாருதி பாட்டில்லாமலே கடை வாசலைத் தாண்டிப் போய்வந்தது. ஊரே மெச்சினாலும் ராஜவேலுவுக்கு அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மாதம் பஞ்சாட்சரம் சேதி கொண்டுவந்தார். "அந்த டிசைன் அம்மா ஆல்ட்டோ எடுத்துக்கீதுபா. உன்னாண்ட வருமா, மெட்ராஸ் போவுமா?"

"எங்க வேணா போவட்டும், நமக்கு இன்னா" என்றார் ராஜவேலு. ஆனால் அதற்குப் பிறகு ரோட்டில் ஆல்ட்டோ போனால் திருப்புளி அவர் கையில் நின்றுவிடும்.

வியாழக்கிழமை காலை, வெள்ளை ஆல்ட்டோ ஒன்று கடை வாசலில் நின்றது. ஏலவார்குழலி இறங்கி டிக்கியைத் திறந்தார். அட்டைக் கட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. மேலே ஃபிளாப்பிப் பெட்டி.

ஜாண் போட நீட்டிய ராஜவேலுவின் கை அப்படியே நின்றது. "இன்னாமா, இத்தயும் எடுத்தாந்துட்டீங்க?"

"தெனம் ஏத்துறத காட்டணும்னு சொல்லிக்கினாங்க. காட்டிட்டேன். சாயந்தரம் வரேண்ணா, நல்லா பாடணும்" என்று சாவியை அவர் மேஜையில் வைத்தார். எதை எங்கே மாட்டுவீர்கள் என்று கேட்கவில்லை. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

ராஜவேலு கடையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் ஸ்பீக்கர், அலமாரியில் ஸ்பீக்கர், தரையில் ஸ்பீக்கர். எங்கு திரும்பினாலும் காந்தம். கைகளைச் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு ஃபிளாப்பிப் பெட்டியை எடுத்தார். காந்தம் இல்லாத மருந்துக்கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது; குறுக்கே நடந்தார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்ற கையை உயர்த்தி, ஹார்ன் அடித்தபடி வந்த செங்கல்பட்டு பஸ்ஸை நடு ரோட்டில் நிறுத்தினார்.