கோமோ ஏரியில் நீட்டிய விரல்

சாந்தகுமாரியைப் பார்த்தால் பழிவாங்கக் காத்திருப்பவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெங்களூர் ஹெப்பகோடியில் அவள் குடியிருந்த தெருவில் கேட்டுப் பாருங்கள். கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிற அம்மா, அதிர்ந்து பேசமாட்டாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஜுரம் என்றால் முதல் ஆளாகக் கஷாயத்தோடு போய் நிற்பாள் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அம்மாவுக்குள் ஒரு கறுவல் பல வருஷமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ராஜேந்திரன் என்கிற மனிதனை எதிரில் உட்காரவைத்து, அவன் குடும்பத்தின் முன்னால், “ஆமாம், நான்தான் செய்தேன்” என்று சொல்லவைக்க வேண்டும். வீடு, நகை, காசி யாத்திரை எதிலும் அவளுக்கு நாட்டமில்லை. அது ஒன்று நடந்துவிட்டால் போதும்.

அவள் கணவர் கணேசமூர்த்திக்கு நீலசந்திராவில் தையல் கடை இருந்தது. நேர் எதிரில் ராஜேந்திரனின் போட்டோ ஸ்டூடியோ. இரண்டு பேரும் தமிழர்கள், ஒரே டீக்கடையில் குடிப்பவர்கள். கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் அந்த ஸ்டூடியோவில்தான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ராஜேந்திரன் ஆளைத் தொடமாட்டார். ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, காற்றிலேயே முகத்தைத் திருப்புவார். கொஞ்சம் என்பதற்குக் கன்னடத்து ‘ஸ்வல்ப’ என்றுதான் சொல்வார். “ஸ்வல்ப தாடைய மேல... இன்னும் ஸ்வல்ப... ஆங், அப்டியே!” அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, தையல் மெஷினுக்கு மேலே மாட்டிவைத்திருந்தார் கணேசமூர்த்தி.

பிறகு தொண்ணூற்றொன்று டிசம்பர் வந்தது. காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றி எரிந்த நாட்கள். பலகையில் தமிழ் எழுத்து இருந்தால் கடை தப்பாது என்று பேச்சு பரவியதும், தெருவில் எல்லோரும் சுண்ணாம்பு வாளியோடு ஏணி ஏறினார்கள். கணேசமூர்த்தியும் தன் கைப்படப் பலகையை வெள்ளையடித்து, ஷட்டரை இறக்கிப் பூட்டினார். வெளியூர்க்காரன் எவன் வந்து பார்த்தாலும் அது யார் கடை என்று தெரிந்திருக்காது. உள்ளே கிறிஸ்துமஸுக்குத் தைக்கக் கொடுத்த துணிகள் குவிந்து கிடந்தன. மாவு மில் வைத்திருந்த வெங்கடசாமி, கன்னடக்காரர், புருஷன், பெண்டாட்டி, சின்ன மகள் என்று இவர்கள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டுபோய்த் தன் மாடியில் அடைத்தார். “பாகிலு தெகீபேடி” என்று, கதவைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தானே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

சாந்தகுமாரி ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். எங்கிருந்தோ வந்த கும்பல் ஒன்று தெருவில் புகுந்து, எல்லாப் பலகையும் வெள்ளையாக இருக்கவும் குழம்பி, ஸ்டூடியோ வாசலில் நின்றது. ராஜேந்திரன் வெளியே வந்து கன்னடத்தில் சிரித்துப் பேசினார். அப்புறம் கையை உயர்த்தினார். தன் முகத்தைத் திருப்பிய அதே விரல், இப்போது எதிர்க் கடையைக் காட்டுவதை அவள் பார்த்தாள். அன்றைக்கு அந்தத் தெருவில் சில கடைகள் எரிந்தன. ஸ்டூடியோவின் கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

“குழந்தை தலையில அடிச்சு சத்தியம் பண்ணு சாந்தா. நீ போயி சண்ட போடக்கூடாது. நாம இந்த ஊர்லதான் இருக்கணும்” என்றார் கணேசமூர்த்தி. சத்தியம் செய்தாள். அத்திபெலேயில் ஒற்றை அறை பிடித்தார்கள். எரிந்த துணிக்கெல்லாம் பதில் துணி வாங்கி, இரவல் மெஷினில் தைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார் அந்த மனிதர். யாரும் கேட்கவில்லை, வேண்டாம் என்றுகூடச் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் துணி கொடுத்திருந்த ஜூடித் வீட்டுப் பெண்ணுக்கு வெள்ளை ஃப்ராக் தைத்து முடிப்பதற்குள் அந்தப் பெண் வளர்ந்து, அளவு மாறிவிட்டது. மறுபடி பிரித்துத் தைத்தார். தையல்காரன் வாங்கிய துணிக்குத் தையல்காரன்தான் பொறுப்பு என்பார். அந்தப் பொறுப்பே அவர் நெஞ்சை அரித்து, சில வருஷத்தில் ஆளைக் கொண்டுபோனது.

சத்தியம் கேட்டவரே போன பிறகு சாந்தகுமாரி நீலசந்திராவுக்குப் போனாள். ஸ்டூடியோ இருந்த இடத்தில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. ராஜேந்திரன் எங்கேயோ பெரிய கலர் லேப் போட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று பல்லைக் கடித்தாள். மகள் சௌம்யாவிடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடை எரிந்தது தெரியும், காட்டிக்கொடுத்த கை எது என்பது பிள்ளைக்குத் தெரியாது.

சௌம்யா படித்தாள், எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்தாள், இரண்டாயிரத்து ஐந்தில் கம்பெனி அவளை இத்தாலியில் மிலானுக்கு அனுப்பியது. கோடையில் அம்மாவை வரவழைத்தாள். அதே டீமில் இருந்த பெங்களூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டாரை வரவழைத்திருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமோ ஏரிக்குப் போவது, கூட்டத்தை அடைத்துப் போகிற பெரிய கப்பல் வேண்டாம், தனியாக ஒரு சின்னப் படகு பிடித்துச் சுற்றிப் பார்ப்பது என்று ஏற்பாடு.

ரயிலில் வரும்போதே சௌம்யா காதோடு காதாகச் சொன்னாள். “அம்மா, அஷ்வின்தான் எங்க லீட். நான் இன்னும் ஒரு வருஷம் இங்க இருக்கறதா, திரும்பறதான்னு அவன் கையிலதான் இருக்கு. அவங்க அப்பா, அம்மாகிட்ட கொஞ்சம் நல்லா பேசு.”

“நான் யார்கிட்டடி நல்லா பேசாம இருந்தேன்?” என்றாள் சாந்தகுமாரி.

படகு மரத்தால் ஆனது, மெருகு போட்டு மினுமினுவென்று இருந்தது. இரண்டு பக்கமும் நீள இருக்கை, எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். இந்தப் பக்கம் சாந்தகுமாரி, சௌம்யா, டீமில் இன்னொரு பெண்ணான அனுஷாவின் அம்மா. அந்தப் பக்கம் அஷ்வின், அவன் அம்மா எல்லம்மா, அவன் அப்பா. அனுஷா முன்னால் படகுக்காரன் பக்கத்தில். அஷ்வினின் அப்பா தொப்பை வைத்தவர், தலை வழுக்கை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, கழுத்தில் கனமான பழைய கேமரா. “வணக்கம்மா” என்றார். இவளும் வணக்கம் சொன்னாள். ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏரியைப் பார்த்தாள்.

பார்க்க வேண்டிய ஏரிதான். இரண்டு பக்கமும் மலை செங்குத்தாகத் தண்ணீரில் இறங்குகிறது. கரையோரம் மஞ்சளும் ரோஜா நிறமுமாகப் பழைய மாளிகைகள், அவற்றின் படிக்கட்டே ஏரிக்குள் போகிறது. மலை உச்சியில் மிச்சப் பனி. எங்கேயோ மாதா கோயில் மணி அடிக்க, தண்ணீர் மேல் அந்தச் சத்தம் நிதானமாக வந்தது. இதையெல்லாம் தன் புருஷன் பார்க்காமல் போனாரே என்று நினைத்துக்கொண்டாள். படகுக்காரன் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, ஏரி நானூறு மீட்டருக்கு மேல் ஆழமாம் என்றாள் சௌம்யா.

“எல்லாரும் இப்டி பாருங்க!” என்று எழுந்தார் அஷ்வினின் அப்பா. கேமராவை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையின் ஆள்காட்டி விரலைச் சாந்தகுமாரியின் முகத்துக்கு நேராக நீட்டினார். “அம்மா, நீங்க ஸ்வல்ப தாடைய மேல... இன்னும் ஸ்வல்ப... ஆங், அப்டியே!”

அவள் அப்படியேதான் இருந்தாள். உடம்பில் ஒரு நரம்பு அசையவில்லை. மீசை போயிருக்கலாம், முடி போயிருக்கலாம். விரல் போகவில்லை.

“டிஜிட்டல் எல்லாம் பொம்மைங்கம்மா” என்று உட்கார்ந்தார் ராஜேந்திரன். ஆள் உற்சாகத்தில் இருந்தார். “இது என் மொத கேமரா. நீலசந்திராவுல ஸ்டூடியோ வெச்சிருந்தப்போ வாங்கினது. தொண்ணூத்தொண்ணு கலாட்டாவுல எங்க தெருவே எரிஞ்சுது. சுத்தி எல்லாம் கரி. நம்ம ஸ்டூடியோ மட்டும் நின்னுச்சு. எப்டி? அம்மன்! அவ காப்பாத்துனா. இன்னிக்கும் வருஷா வருஷம் அந்த நாள்ல பூஜை பண்ணி, தெருவுக்கே சக்கரைப் பொங்கல் குடுக்கறோம். கேளுங்க இவள.”

“ஆமாங்க. என் கையாலதான் செய்வேன். அன்னிக்கு விரதம்” என்றாள் எல்லம்மா, பெருமையும் பக்தியுமாக.

அனுஷாவின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாந்தகுமாரி ஒரு நிமிஷம் மகளைப் பார்த்தாள். இன்னும் ஒரு வருஷம் இங்கே இருப்பதா, திரும்புவதா என்று சௌம்யா சொன்னது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். போய்? ஹெப்பகோடி வீட்டில் உட்கார்ந்து, சர்க்கரைப் பொங்கலை நினைத்து நினைத்துச் சாகலாம். கணேசமூர்த்தி ஃப்ராக்கைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது இவர்கள் வீட்டில் முந்திரி வறுத்திருக்கிறார்கள்.

“நீங்க ஒண்ணு எடுங்கம்மா, எங்க மூணு பேரையும்” என்று ராஜேந்திரனே கேமராவைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். “எல்லாம் செட் பண்ணிட்டேன். பட்டனை அமுக்கினா போதும்.”

சாந்தகுமாரி வாங்கினாள். கனமாக இருந்தது. மூன்று பேரும் சிரித்தபடி நெருங்கி உட்கார்ந்தார்கள். அவள் கையைப் படகுக்கு வெளியே நீட்டி, விரல்களைப் பிரித்தாள். ப்ளக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“ஐயோ!” என்று கத்தினாள் சௌம்யா. படகுக்காரன் இன்ஜினை நிறுத்திவிட்டான்.

ராஜேந்திரனின் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் பெரிய மனுஷன் ஆயிற்றே, சமாளித்தார். “பரவால்லம்மா... கை தவறிடுச்சு... என்ன பண்றது...”

“கை தவறல” என்றாள் சாந்தகுமாரி. “நான்தான் போட்டேன்.”

தண்ணீர் படகின் அடியில் தட்டிக்கொண்டிருந்தது.

“அம்மன் காப்பாத்துனான்னு சொன்னீங்களே. எல்லாப் பலகையிலயும் சுண்ணாம்பு அடிச்சிருந்துச்சு. எது தமிழன் கடைன்னு வந்தவனுக்குத் தெரியாது. நீங்க வெளிய வந்தீங்க. சிரிச்சீங்க. விரல நீட்டுனீங்க. நான் வெங்கடசாமி மாடியில நின்னு பார்த்தேன். உங்க கேமராவ அம்மன் காப்பாத்தல. எங்க கடைய குடுத்து நீங்க காப்பாத்திக்கிட்டீங்க.”

“அப்பா?” என்றான் அஷ்வின்.

ராஜேந்திரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு சாந்தகுமாரியின் முகத்தில் எதையோ தேடினார். அந்த மனிதர் இல்லை என்று சாதித்திருக்கலாம். இவளுக்குச் சாட்சி யார்? ஆனால் பயத்தில் இருப்பவனுக்கு வாய் முந்திக்கொள்ளும்.

“நீங்க...” என்றார். “நீங்க எந்தக் கடைம்மா? டெய்லர் கடையா? அரிசிக் கடையா?”

சாந்தகுமாரிக்கு முதலில் அது விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இத்தனை வருஷம் அவள் ஒரு விரலை, ஒரு தரம் நீட்டியதை, தனக்கென்று வைத்துக் காத்துவந்தாள். அவருக்கு எந்தக் கடை என்றே தெரியவில்லை. வரிசையாகக் காட்டியிருக்கிறார்.

“டெய்லர் கடை” என்றாள். “கணேசமூர்த்தி. உங்ககூட டீ குடிப்பாரே. செத்துட்டாரு.”

“என்னை என்னம்மா பண்ணச் சொல்றீங்க? காட்டலைன்னா என் கடைய கொளுத்தியிருப்பானுங்க. எனக்கும் புள்ள குட்டி...” ராஜேந்திரனின் குரல் ஏரியில் கரைந்தது.

எல்லம்மா கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ நான் பொங்கல் வெச்சது?” என்று கேட்டாள். “வருஷா வருஷம் பட்டினி கெடந்து பொங்கல் வெச்சேனே... எதுக்குய்யா வெச்சேன்?” அவள் எழுந்தாள். படகு ஆடியது. ஆடுகிற படகில் புடவையைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்து, இந்தப் பக்கம் வந்து, சாந்தகுமாரிக்கு அருகில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவைப் பிடிக்க அஷ்வினும் எழுந்து வந்தான். வந்தவன் திரும்பிப் போகவில்லை. அம்மாவின் காலடியில் அப்படியே குந்திவிட்டான்.

சௌம்யா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். “இத்தனை வருஷம் ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா இந்த ஆத்திரத்துல நீ பாதிய எடுத்துக்கிட்டிருப்ப” என்றாள் சாந்தகுமாரி. “எனக்கு முழுசா வேணும்.”

மகள் கையை எடுக்கவில்லை. அஷ்வின் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று அவள் நினைத்தாளோ என்னவோ, பிடி மட்டும் இறுகியது.

இப்போது படகு ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ராஜேந்திரன் ஒருவர். படகுக்காரனுக்குக் கதை தெரியாது, தமிழும் தெரியாது. தண்ணீர் விளிம்புக்கு ஏறுவது மட்டும் தெரிந்தது. இரண்டு பேர் அந்தப் பக்கம் போய் உட்காருங்கள் என்று இங்கிலீஷில் சொன்னான். யாரும் எழவில்லை. மறுபடி கொஞ்சம் கோபமாகச் சொன்னான். அனுஷாவின் அம்மா காது கேளாதவள் போல மாளிகைகளைப் பார்த்தாள். எல்லம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

அவனுக்குப் பொறுமை போயிற்று. ஒரு ஆளை நகர்த்தினால் தீருகிற விஷயம். ஸ்டியரிங்கை விட்டுத் திரும்பி, கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை நீட்டி ராஜேந்திரனைக் காட்டினான். பிறகு அதே விரலால் படகின் நடுவே வெறும் தரையைக் காட்டினான்.

ராஜேந்திரன் அந்த விரலைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, அத்தனை பேருக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்தார்.