சுவரில் மாட்டிய ஒரு வரி

வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் எழுதிய நிரலில் இருந்து ஒரேயொரு வரியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் வீட்டு முன்னறையில் கஃபா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். யாரும் பரிசளித்ததல்ல. பாலாவிச் சந்தியில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவரிடம் நானே கொடுத்து, நானே போய் எடுத்து வந்தது. அவர் அந்தத் தாளை இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எந்தப் பக்கம் மேல?" என்று கேட்டார். அங்கேயே நான் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், கண்ணூறு படாமலிருக்க ஓதி எழுதித் தந்த இஸ்ம் என்று சொல்லி என் மனைவி மானத்தைக் காப்பாற்றினாள். இப்போது அந்த இடத்தில் ஆணி மட்டும்தான் இருக்கிறது.

கணினிப் பக்கம் போகாதவர்களுக்காக அந்த வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் வயிறு வளர்ப்பது ஜாவாஸ்கிரிப்டில், சேவையகத்தில் ஓடுகிற நிரல்கள் எழுதி. சேவையகம் என்பது எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு, நீங்கள் கைப்பேசியில் நிரப்பி அனுப்புவதை வாங்கி வைக்கிற கணினி. இந்த மொழிக்கு ஒரு குணம் உண்டு: வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். வயது என்ற இடத்தில் கோழிக்கறி என்று எழுதி அனுப்பினாலும் முகம் சுளிக்காது. ஆகவே வாசலில் ஒரு காவலாளியை நிறுத்துவோம். அவன் கையில் ஒரு பட்டியல் இருக்கும், அதற்குப் பெயர் ஸ்கீமா. பெயர் எழுத்தாக இருக்கவேண்டும், அங்கத்தவர் தொகை எண்ணாக இருக்கவேண்டும், அடையாள அட்டை இலக்கம் கட்டாயம், இப்படி. பட்டியலில் இல்லாத ஒன்று வந்து நின்றால்? அதையும் உள்ளே விடலாம். பிழை என்று சொல்லி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பலாம். அல்லது தெரியாததை மட்டும் பிய்த்து எறிந்துவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு, அனுப்பியவருக்குப் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் காட்டலாம். கடைசியில் சொன்னதைச் செய்யும் வரிதான் என் சுவரில் தொங்கியது. தரவுத் தூய்மை, பாதுகாப்பு என்று அதற்கு நான் மேடையேறிக் காரணம் சொன்னதும் உண்டு. உண்மைக் காரணம் வேறு. பிழை என்று காட்டினால் ஆட்கள் எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள்.

புத்தளம் கரைத்தீவுப் பக்கத்தில், தொண்ணூறாம் ஆண்டு ஆயுதக்காரர்கள் வடக்கிலிருந்து எழுப்பி வெளியேற்றிய முஸ்லிம்களின் குடியிருப்பு ஒன்றின் நீர்ச் சங்கத்துக்கு, எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தக் குழாய் என்று பதியும் ஒரு முறைமையை இலவசமாகச் செய்து கொடுத்தேன். இலவசம் என்பதை ஊரில் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். சங்கத்தின் செயலாளர் என்னைவிட இரண்டு மூன்று வயது இளைய பெண். பத்து வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தவர். அவர் என்னை அண்ணன் முறை வைத்து 'இஞ்சினியர் நானா' என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நான் அவரைச் 'செயலாளர்' என்றே கூப்பிடுவேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்த உப்புக் காற்றைக் குடித்தவர்களை இன்னும் 'அகதி ஆக்கள்' என்று சொல்லும் புத்தளத்தார் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன்.

முதல் நாள் அவர் கையில் கணக்கெழுதும் ஒரு தடித்த சீஆர் கொப்பி இருந்தது. "இனி இது வேணாம், செயலாளர். வெள்ளம் வந்தா கொப்பி போகும். சேர்வர் போகாது" என்றேன். கைப்பேசிப் படிவத்தில் தேவையான கேள்வியை அவரே சேர்த்துக்கொள்ளலாம் என்றும் காட்டிக் கொடுத்தேன். சேர்த்தால் வாசலில் நிற்கும் என் காவலாளிக்கும் அதைச் சொல்லவேண்டும் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. அவருக்கு அது தெரியக் காரணமேயில்லை.

அவர் ஒரேயொரு கேள்விதான் சேர்த்தார்: வடக்கில் உங்கள் வீடு வளவு எங்கே, எல்லைகள் என்ன? காணி உறுதிப் பத்திரங்கள் வரும் வழியில் தொலைந்தவர்கள்தான் அங்கே அதிகம். வளவு எதுவென்று தெரிந்தவர்கள் கிழவர்களாகிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியைப் பாண் வாங்கிய பொலித்தீன் பையில் சுற்றி, குடையைப் பிடித்துக்கொண்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு வீடாகப் போவார். தண்ணீர்க் கணக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லைக்கு ஒரு மணித்தியாலம். மழைக்காலத்தில் எந்தப் பக்கத்து வேலி சாய்ந்தது, யாருடைய ஆடு எதற்குள் பூந்தது என்று ஆரம்பித்துத்தான் ஒவ்வொருவரும் தன் வளவுக்கு வந்து சேர்வார்கள். அவர் பெருவிரலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்து, வளவு வந்ததும் தட்டுவார். ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். கொட்டாவி விட்டேன்.

தன் உம்மாவிடம் கேட்டதையும் அப்படியே பதிந்தார். பள்ளிவாசல் மதிலில் இருந்து தங்கள் கிணற்றடிக்கு எத்தனை எட்டு எடுத்துவைக்கவேண்டும் என்பது அந்த உம்மாவின் காலுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் தண்ணீர்க் குடத்தோடு நடந்த கால்.

ஒருதரம் செயலாளர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "நானா, நான் போட்ட கேள்வியும் உள்ளுக்குப் போகுதா? லிஸ்ட்டுல தண்ணிக் கத மட்டுந்தான் வருது."

நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். "பச்ச விழுந்தா உள்ள போயிட்டுதுதான். ஏன் சும்மா யோசிக்கிறீங்க?"

"எனக்குப் பச்ச விழுதுதான்."

"அப்ப சரிதானே."

திறந்து பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

அந்த உம்மா போன நோன்புக்கு முந்திய நோன்பு மாதத்தில் மௌத்தாகி, மையவாடியில் அடக்கமானார். பிறகு காணி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வளவுகளை அளக்கப் போகிறார்கள், எல்லை விபரத்தோடு வரவும். செயலாளர் உற்சாகமாகத்தான் எடுத்தார். "உம்மா சொன்னத பிரின்ட் எடுத்துத் தாங்க நானா. மதில்ல இருந்து நாப்பத்தொரு எட்டா, நாப்பத்தேழா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

திறந்தேன். பெயர் இருந்தது. அடையாள அட்டை இலக்கம் இருந்தது. அங்கத்தவர் மூன்று, குழாய் ஒன்று. அவ்வளவுதான். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எல்லாம் அப்படியே. பிரதிகள் எடுத்து வைத்திருந்தேன்தான், ஆனால் வாசலைத் தாண்டாத ஒன்றுக்குப் பிரதி எங்கிருந்து வரும்? அனுப்பியதும் கைப்பேசியும் தன் பங்குக்கு அழித்துவிடும். அதையும் நான்தான் அப்படி அமைத்திருந்தேன், இடம் மிச்சம் பிடிக்க.

ஒரு வாரம் "கொஞ்சம் பொறுங்க" என்று இழுத்தேன். பிறகு நேரில் சொல்லத் துணிவில்லாமல் வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு செய்தி எழுதினேன். அதில் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. அவர் வாசித்துவிட்டார் என்பதற்கு நீல அடையாளம் விழுந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன கிழவர்களில் பாதிப்பேர் அதற்குள் மையவாடிக்குப் போயிருந்தார்கள்.

அளக்கப் போன அன்று வடக்கில் நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். பற்றை மூடிய நிலத்தில் பள்ளிவாசல் மதிலின் ஒரு துண்டு மிச்சம் இருந்திருக்கிறது. செயலாளர் நாற்பத்தொன்றா நாற்பத்தேழா என்று தடுமாறியிருக்கிறார். பக்கத்து வளவுக்காரரிடம் கடதாசி இருந்தது. எல்லைக் கட்டை அவர் காட்டிய இடத்தில் அடிபட்டது. கிணறு அந்தப் பக்கம் போய்விட்டது.

இப்போது என் காவலாளி தெரியாத எதைக் கண்டாலும் பிழை என்று கத்துகிறான். நாள் முழுக்கத் தொலைபேசி அடிக்கிறது. எடுக்கிறேன். இதை ஒரு திருத்தம் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பதவியை விட்டுவிட்டு, சங்கத்தின் கைப்பேசியை ஒப்படைக்கச் செயலாளர் ஒரு காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதே பாண் பை. மனைவி பிளேன்டீ கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்க மூன்று விதமாக வசனம் தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது "சீனி போதுமா?" என்றுதான் கேட்டேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கதிரையில் இருந்தபடி சுவரைப் பார்த்தார்.

"அது என்ன நானா, இஸ்மா?"

மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல. நான் எழுதினது."

"என்ன சொல்லுது?"

"பட்டியல்ல இல்லாதது வந்தா, சத்தம் போடாம எடுத்து வீசிடு எண்டு சொல்லுது."

அவர் மிச்சத் தேத்தண்ணியையும் குடித்து முடித்தார். குடையை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டியபடி, திரும்பிப் பாராமலே சொன்னார்:

"எங்கள ஊர விட்டு எழுப்பினவங்க கூட, ஸ்பீக்கர் கட்டி அறிவிச்சிட்டுத்தான் நானா எழுப்பினாங்க."