துவாய் மறைத்த நெற்றி

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் என் இடது கையில் எப்போதும் யாராவது ஒருவருடைய முகநிறம் இருக்கும். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். இவர் தூரிகையோடு வந்து நிற்பார். “இஞ்சேரும், கையை ஒருக்கா நீட்டும்.” கலந்த நிறத்தை என் தோலில் ஒரு கீற்று இழுத்து, யன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போய்விடுவார். உயிருள்ள தோலுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் பொய் நிறம் பிடிபடுமாம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. கடைக்குப் போனால், “இண்டைக்கு ஆர் அக்கா கையில?” என்று சனம் பகிடி பண்ணும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இரண்டு நாள் இவர் கூப்பிடாவிட்டால் எனக்கே பொறுக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சம்பளத்துக்குத் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயின்ற் அடித்தார். ஆசைக்கு வீட்டில் முகங்கள் வரைந்தார். முகம் வரையும்போது கறுப்பு நிறத்தைக் கிட்டவும் எடுக்கமாட்டார். “கறுப்பைக் கலந்தால் தோல் செத்துப்போகும்” என்பார். எவ்வளவு கறுத்த ஆளுக்கும் செம்மண் நிறமும் நீலமும் கொஞ்சம் மஞ்சளும்தான். தாடைக்குக் கீழே, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு துளி பச்சை. இப்போது என் பேத்தி கைபேசியில் எடுக்கும் படங்களில் நாங்கள் எல்லோரும் மா அப்பியது போல ஒரே வெள்ளை. இவர் பார்த்திருந்தால் சண்டைக்கே போயிருப்பார்.

அடையாள அட்டை வந்த புதிதில் சல்லி என்ற கரையோர ஊரிலிருந்து ஒரு தாயும் மருமகளும் வந்தார்கள். தாயின் மகன் மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போய்விட்டான். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வைக்கப் படம் வேண்டும். அவர்களிடம் இருந்தது அட்டைக்கு எடுத்த சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். முகவெட்டு தெரிந்தது, நிறம் எப்படித் தெரியும்? “என்ர பிள்ளை நல்ல சிவலை” என்றார் தாய். மருமகள் வாயே திறக்கவில்லை. தாய் சொன்னபடியே இவர் வரைந்தார்.

படம் பார்க்க வந்த அன்று தாய் “என்ர ராசா, என்ர ராசா” என்று உருகினார். மருமகள் ஒரு தரம் பார்த்துவிட்டு எழுந்து குசினிக்குள் வந்துவிட்டாள். தேத்தண்ணி கொடுத்து, என்ன பிள்ளை என்று கேட்டேன்.

“அக்கா, அந்தப் படத்தில இருக்கிற ஆளை எனக்குத் தெரியாது. நான் கண்ட மனுசன் கறுப்பு. வயித்தில கிடக்கிறது நாளைக்கு அதைத்தானே அப்பா எண்டு கும்பிடப்போகுது?”

அவள் அழவில்லை. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு அவளே, “மாமியும் பொய் சொல்லேல்ல. கடலுக்குப் போகேக்க தலையில துவாய் கட்டுற இடம் மட்டும் வெயில் படாமல் சிவப்பா இருக்கும்” என்றாள்.

நான் நேரே போய் இவரிடம், “நீங்கள் வேற ஆரையோ வரைஞ்சு வைச்சிருக்கிறியள்” என்றேன். தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “நான் பெத்த பிள்ளையின்ர நிறம் எனக்குத் தெரியாதோ?” இவர் மருமகளைக் கூப்பிட்டு, துவாய் எந்த இடத்தில் வரும் என்று கேட்டார். அவள் தன் நெற்றியில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள்.

அந்தக் கோட்டுக்கு மேலே தாய் சொன்ன நிறத்தை அப்படியே விட்டார். கீழே, காது கழுத்து உட்பட, எல்லாவற்றையும் கடல் வெயிலில் காய்ந்த நிறத்துக்கு மாற்றினார். என் கை முழங்கை வரைக்கும் நிரம்பிப்போனது. அந்த முறை நான் முணுமுணுக்கவில்லை.

அவர்கள் திரும்ப வந்தபோது தாய் படத்துக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு நெற்றியைக் காட்டி, “இது என்ர பிள்ளைதான்” என்றார் மெல்ல. மருமகள் பாய்ந்து மாமியாருடைய தோளைப் பிடித்தாள்.

“மாமி, கடலால வந்து, துவாயைக் கழட்டிப்போட்டுச் சோத்துக்கு நிக்கிறார் மாமி.”

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.