ஐலி கெட்டோலாவின் ரப்பர் பூட்ஸ்

ஐலி கெட்டோலாவின் பாதங்கள் மரத்துப்போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எல்லாம் சர்க்கரை செய்த வேலை. டவுன் கிளினிக்கில் நர்ஸ் மெல்லிய நைலான் நரம்பால் உள்ளங்காலைக் குத்தி, "இப்பத் தெரியுதா?" என்று கேட்பாள். கண்ணை மூடியபடி ஐலி, "நீ குத்து, அப்புறம் சொல்றேன்" என்பாள். நர்ஸ் அதற்குள் குத்தி முடித்திருப்பாள்.

இதில் ஐலிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. டவுன் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை அடுத்தவர் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுத்தவள் அவள். செருப்பைப் போடுமுன் தட்டு, உள்ளே கைவிட்டுத் துழாவு, தினம் ஒருமுறை உள்ளங்காலைப் பார். எத்தனையோ கிழவர்களிடம் சொல்லியிருக்கிறாள். கேட்காதவர்களுக்கு முதலில் விரல் போகும், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். அதையும் பார்த்திருக்கிறாள்.

அவள் காலைத் தங்கை ஹெல்மி பார்த்துக்கொண்டாள். ஐலியின் புருஷன் வெய்க்கோ இறந்த பிறகு அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஐலி சோபாவில் காலை நீட்டுவாள். ஹெல்மி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் இருக்கு. விரல் பத்தும் இருக்கு. எடு காலை" என்பாள்.

அந்த வசந்தத்தில் ஹெல்மி அரிசோனாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் நுரையீரலுக்கு ஏரிக்கரைக் குளிர் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஐலி தரையில் ஒரு கண்ணாடியைப் போட்டு, அதன்மேல் காலைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பு வளையவில்லை. பாதி உள்ளங்கால்தான் தெரிந்தது. அது போதும் என்று விட்டுவிட்டாள்.

நவம்பர் வந்தது. மான் வேட்டை தொடங்கும் நாளுக்கு ஊரே தயாரானது. ஐலியும் தயாரானாள். இதுவரை ஹெல்மியோடு போனவள், இந்த வருடம் தனியாகப் போக வேண்டும். காலை மட்டும் கெடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு, தான் வேலை பார்த்த அதே முதியோர் இல்லத்தில் ஒரு கட்டிலுக்குப் போக வேண்டியதுதான். அங்கே எந்த ஜன்னலில் காற்று வரும், எந்தக் கட்டிலில் வராது என்பது வரை அவளுக்குத் தெரியும்.

கடைக்குப் போனாள். கடைக்காரி ட்ரூடி ஒரு ஜோடி தோல் பூட்ஸை எடுத்து முன்னால் வைத்தாள். உள்ளே கழற்றிக் காயவைக்கக்கூடிய கம்பளி உறை.

"உங்க காலுக்கு இதுதான், ஐலி. வெதுவெதுன்னு இருக்கும், வேர்வையை இழுத்துக்கும். ரப்பர் வேண்டாம்னு நர்ஸே சொல்லிருக்காங்களே."

ஐலி பூட்ஸுக்குள் மூக்கை விட்டு முகர்ந்தாள்.

"என்ன ஐலி, வாங்கப் போறியா, திங்கப் போறியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆர்மண்ட் போட்ரி. அவளுடைய வீட்டுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவன். மனைவி விட்டுப் போனவன். வாயில் பற்றவைக்காத சிகரெட்.

"தோல் வாடையைக் குடிச்சு வெச்சுக்கும். பெட்ரோல் பங்க்ல ஒரு தடவை இறங்கினாப் போதும், சீசன் முடியற வரைக்கும் போகாது, மான் மோந்துடும். ரப்பர்னா கழுவி விட்டுடலாம்" என்றாள் ஐலி. "உன் காலைப் பாரு. மொத்த மாட்டுக்கொட்டகையும் அதுலதான் இருக்கு."

"இருக்கட்டுமே. மானுங்களுக்கு என் மாட்டைப் பழக்கம். ஆர்மண்ட் வந்துட்டான்னு எட்டிப் பார்த்துட்டுப் போவுதுங்க. வருஷா வருஷம் எனக்குக் கொம்பு வெச்சது விழுதா இல்லையா?"

"வேட்டைக் கூட்டுக்குள்ள உக்காந்து சிகரெட் வேற பிடிக்கற. குருட்டு அதிர்ஷ்டம்."

"உன்னைத்தான் அதுங்களுக்கு யாருன்னே தெரியாது."

"தெரியக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடும்!"

ட்ரூடி பெருமூச்சு விட்டாள். ஐலி முழங்கால் உயர ரப்பர் பூட்ஸையே வாங்கினாள். காலுக்குக் கொஞ்சம் நியாயம் செய்வதாக நினைத்து ஒரு அளவு பெரிதாக வாங்கினாள். தடித்த கம்பளிக் காலுறை போட்டால் விரல்களுக்கு இடம் இருக்கும்.

அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் ஹெல்மியும் அவளும் எப்போதும் செய்ததுதான். துணிகளை மணமில்லாத சோப்பில் துவைத்து, குளிரில் வெளியே கொடியில் உலர்த்தினாள். பூட்ஸை சோடா உப்புப் போட்டுக் கழுவி, வெளித் தாழ்வாரத்தில் மூடி போட்ட பெட்டியில் வைத்தாள். பெட்டிக்குள் சீடர் மரத் தழையைப் பரப்பினாள். பூட்ஸுக்குள்ளும் தழையைத் திணித்தாள். மான்கள் பனிக்காலத்தில் தின்பது சீடர்தான். அந்த வாடையோடு வருபவளை அவை சந்தேகிக்காது. பன்றி இறைச்சி வறுப்பதை நிறுத்தினாள். காபியையும் நிறுத்தினாள். வீட்டில் ஒரு மனுஷி இருக்கிறாள் என்பதற்கான வாடையே இல்லாமல் போனது. முன்பு அது வேலை மாதிரி இருந்ததில்லை. ஹெல்மி திருட்டுத்தனமாகக் காபி போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் காபி காற்றில் வந்ததாகச் சாதிப்பாள்.

முதல் நாள் விடியுமுன்னே கிளம்பினாள். பூட்ஸை எடுத்துக் கவிழ்த்தாள். தழை கொட்டியது. தட்டினாள், இன்னும் கொஞ்சம் கொட்டியது. கைவிட்டுத் துழாவ வேண்டும். கையில் உறை மாட்டிவிட்டாள். அதைக் கழற்றி வெறுங்கையை உள்ளே விட்டால் மனித வாடை ஒட்டும் என்று இன்னொரு தரம் தட்டினாள். அதோடு விட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் அவளுக்குச் சொந்தமான காட்டின் ஓரத்தில், மறைந்து உட்கார்ந்து சுட ஒரு பலகைக் கூடு. போகும் வழியில் ஒருமுறை நின்று, பையிலிருந்து ஒரு துளி எருக்கம்பஞ்சு போன்ற பஞ்சை எடுத்துக் காற்றில் விட்டாள். அது அவள் முகத்தைத் தாண்டிப் பின்னால் மிதந்து போனது. காற்று சரியாக இருந்தது.

வெளிச்சம் வந்த பிறகு பெண் மான் ஒன்று வந்தது. அது எதிர்ப்பக்கமிருந்து வராமல் அவள் நடந்து வந்த தடத்தின் வழியாகவே, காற்று அவளைக் கடந்து போகும் பக்கமாக வந்தது. அவள் பூட்ஸ் பதிந்த குழியில் மூக்கை வைத்தது. ஐலி மூச்சை அடக்கினாள். மான் தலையைத் தூக்கவில்லை, காதைக்கூட மடக்கவில்லை. அங்கே யாரும் வந்து போகவே இல்லை என்பதுபோல் கடந்து போனது. ஹெல்மி பக்கத்தில் இருந்திருந்தால் முழங்கையால் ஒரு இடி இடித்திருப்பாள்.

அதன் பின்னாலேயே ஆண் மான் வந்தது. ஐலி சுட்டாள். அது கொஞ்ச தூரம் ஓடி விழுந்தது.

குடலை எடுத்துச் சுத்தம் செய்து, சறுக்குப் பலகையில் கட்டி, பனியில் வீடு வரை இழுத்தாள். நின்று நின்று இழுத்தாள். மதியம் தாண்டிவிட்டது. கொட்டகை உத்தரத்தில் கப்பியால் ஏற்றித் தொங்கவிட்டாள். பிறகு சவுனா என்னும் நீராவிக் குளியல் அறையைச் சூடாக்கிவிட்டு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். வலது காலின் காலுறை வரவில்லை. இழுத்தபோது காலோடு ஒட்டியிருந்தது. கம்பளி சிவப்பாக இருந்தது.

சவுனா அடுப்பை அணைத்தாள், சூடான அறை இப்போது ஆகாது. வெதுவெதுப்பான நீரில் காலுறையை நனைத்துக் கழற்றினாள். கண்ணாடியைத் தரையில் போட்டுப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே கறுப்பாக எதன் ஓரமோ மட்டும் தெரிந்தது. அழுக்கா, முள்ளா, அதற்குள் கறுத்துவிட்ட சதையா, தெரியவில்லை. அதுதான் தெரிய வேண்டியது. எப்படித் திரும்பினாலும் மீதி கண்ணாடியின் விளிம்பைத் தாண்டியே இருந்தது.

ஹெல்மிக்குப் போன் செய்தாள்.

"மான் விழுந்துடுச்சா அக்கா?"

"விழுந்துடுச்சு. பெண் மான் என் தடத்தையே மோந்துட்டுப் போச்சு, கண்டுக்கல."

"பார்த்தியா! நான் அங்க இல்லாமப் போயிட்டேனே." பிறகு, "என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

ஐலி காலைப் பற்றிச் சொன்னாள்.

"யார்கிட்டயாவது காட்டு."

"யார்கிட்ட?"

அரிசோனாவில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. "ஆர்மண்டைக் கூப்பிடு" என்றாள் ஹெல்மி.

"அவன்கிட்ட நான் காலைக் காட்டணுமா?"

"அப்போ காலை மிஷின்ல வெட்டற டாக்டர்கிட்டக் காட்டு. உன் இஷ்டம்."

ஆர்மண்ட் வந்தான். வரும்போதே, "துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சு. விழுந்துடுச்சா?" என்றான்.

"விழுந்துடுச்சு. அதுக்குக் கூப்பிடல. என் காலைப் பார்க்கணும்."

"எதை?"

"காலை. அடிப்பக்கம். டார்ச்சை எடு."

அவன் தொப்பியைக் கழற்றினான், எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டான். மண்டியிட்டான்.

"குச்சி. உள்ள போயிருக்கு. முனை மட்டும் வெளிய தெரியுது."

"இழுக்காத. சுத்தி என்ன நிறம்?"

"சிவப்பு."

"எந்த மாதிரிச் சிவப்பு?"

"சிவப்புன்னா சிவப்பு. நான் என்ன பெயின்ட் கடையா வெச்சிருக்கேன்?"

"கறுப்பு இருக்கா? வாடை?"

"கறுப்பு இல்ல. வாடையை என்கிட்டக் கேக்கறியே ஐலி. மூக்கு இருந்தா நான் மாட்டுக்கொட்டகையில காலம் தள்ளுவேனா?"

சிகரெட் தூள் சிந்திக்கிடந்த அவன் பிக்கப் வண்டியில் டவுனுக்குப் போனார்கள். டாக்டர் குச்சியை எடுத்துத் தட்டில் போட்டார். சீடர் கிளையின் அடிக்கட்டை, நகத்தளவு. ரப்பருக்குள் வேர்வையில் ஊறிய தோலில் சுலபமாக இறங்கியிருந்தது.

"எதை மிதிச்சீங்க?"

"மிதிக்கல. நானே பூட்ஸுக்குள்ள வெச்சது" என்றாள் ஐலி.

எலும்பு வரை போகவில்லை. ஆனால் காலை ஊன்றக் கூடாது. மருந்து, கட்டு, வாரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வருவாள். மற்ற நாட்களில் யாராவது தினம் பார்க்க வேண்டும். சிவப்பு பரவுகிறதா, கறுக்கிறதா என்று கவனிக்க வேண்டும். "வீட்டில் யார் இருக்காங்க?" என்று டாக்டர் கேட்டார். ஐலி சுவரில் இருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எதிர் வீடு. நான் பார்த்துக்கறேன்" என்றான் ஆர்மண்ட்.

அவன் அந்த சீசனில் பிறகு வேட்டைக்குப் போகவில்லை. கொட்டகையில் தொங்கிய அவளுடைய மானை உரித்து, வெட்டி, பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் அடுக்கினான். மாலையில் பால் கறந்து முடித்துவிட்டு வருவான்; அதற்குள் ஐலி வாசல் விளக்கைப் போட்டிருப்பாள். முதல் நாள் பூட்ஸோடே உள்ளே வந்து திட்டு வாங்கினான். பிறகு வெளியே கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு வந்தான். ஐலி கட்டைப் பிரித்து முகர்ந்து பார்ப்பாள், வாடை அவள் வேலை. நிறம் அவன் வேலை. "நேத்து மாதிரியேதான்" என்பான், அல்லது, "ஓரம் கொஞ்சம் வெளுத்திருக்கு" என்பான். "வெளுத்தா நல்லது" என்பாள் அவள். உட்கார மாட்டான். போய்விடுவான்.

ஜனவரியில் ஒரு நாள் பனிப்புயல் வழியை மறித்ததால் காபி குடித்தான். ஆளுக்கொரு இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்ட்டி சாப்பிட்டார்கள். அவன் தன் மாடுகளைப் பற்றிப் பேசினான். அவள் ஹெல்மியைப் பற்றிப் பேசினாள். புயல் குறைந்ததும் எழுந்து போனான். அவன் போன பிறகு அறையில் புகையிலை வாடையும் மாட்டு வாடையும் நின்றன. வழக்கமாக உடனே ஜன்னலைத் திறப்பவள், அன்று திறக்கவில்லை. வெளியே புயல், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் வெயில் அடித்தது. அன்றும் திறக்கவில்லை.

காயம் நல்லபடியாக ஆறியது. அவள் வயதில், அவள் சர்க்கரையில், இவ்வளவு சீக்கிரம் ஆறியது நர்ஸுக்கே ஆச்சரியம். ஆஸ்பத்திரி கொடுத்த பெரிய செருப்போடு வீட்டுக்குள் நடக்கலாம் என்றாள். கால் தப்பியது. முதியோர் இல்லத்துக் கட்டிலிலிருந்து அவளும் தப்பினாள். ஹெல்மி போனில் அழுதாள், ஐலி அவளை அதட்டினாள்.

மார்ச்சில் ஒரு மாலை ஆர்மண்ட் டார்ச்சை இப்படியும் அப்படியும் அடித்துப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல ஐலி. எந்தக் கால்ல இருந்துச்சுன்னே தெரியல."

ஐலி கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். உலர்ந்த, கெட்டியான தோல். "மூடிடுச்சு" என்றாள்.

"அப்போ நாளைக்கு வர வேண்டாமா? கன்னு போடற நேரம், ஒண்ணு வயித்துல தலைகீழா வேற கிடக்கு."

மரத்த காலைக் காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் ஒருவர் பார்க்க வேண்டும், ஆயுசு முழுக்க. முதியோர் இல்லத்தில் அவள் மூச்சுக்கு மூச்சு சொன்னது அதைத்தான். பொய் இல்லை, மிகை இல்லை. சொன்னால் அவன் வருவான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம். போய் மாட்டைப் பாரு" என்றாள்.

அவன் டார்ச்சை அணைத்து மேல்சட்டைப் பையில் போட்டான். "பூட்ஸை மாத்து" என்றான் கதவருகே நின்று. "மாத்தறேன்" என்றாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது. எழுந்து போய் அணைத்தாள்.