பியார்கேயின் முதல் குட்டிக்கரணம்

லெம்விக் ஊரில் இருக்கும் எங்கள் பேக்கரியில் கசகசா பன் அடுக்குவது பியார்கேயின் வேலை. இருபத்தேழு வயது. டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவன். ஊர் ஜிம்னாஸ்டிக்ஸ் குழுவில் ஒன்பது வருடமாக இருக்கிறான். ஆனால் மற்றவர்கள் குட்டிக்கரணம் அடிக்கும்போது இவன் மட்டும் ஓரமாக நின்று ரிப்பன் சுற்றுவான்.

காரணம் கழுத்து. டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்கு மண்டையோட்டுக்குக் கீழே முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கும். எக்குத்தப்பாக மடங்கினால் தண்டுவடம் நசுங்கிவிடும். ஆறு வயதில் எடுத்த எக்ஸ்ரேயில் இடைவெளி அதிகம் என்று எழுதிவிட்டார்கள்.

"அன்னைக்கு இவன் ஒரு நிமிஷம் ஆடாம இருந்தாத்தானே படம் சரியா விழும்!" என்பாள் அவன் அம்மா இங்கெலிஸ்.

போன குளிர்காலத்தில் அவனே அம்மாவிடம் போய் நின்றான். "திரும்பப் படம் எடுக்கச் சொல்லு. கூடாதுன்னா டாக்டர் என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லட்டும்."

இருவரையும் நான்தான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படம் எடுப்பவள் தீரா. தலை நேராக ஒன்று, குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று என்று விளக்கினாள்.

"நான் உங்க தலையத் தொட மாட்டேன். நீங்களாவே மெதுவா குனியணும். வலிச்சா நிறுத்திடுங்க."

"எவ்வளவு குனியணும்?"

"ஷூ லேஸ் அவுந்திருக்கான்னு பாப்பீங்கல்ல, அந்த மாதிரி."

"என் ஷூவுல லேஸே இல்லியே!"

"அப்ப எங்க போச்சுன்னு தேடுங்க."

சிரித்து முடித்தவன், அதன்பின் ஒவ்வொரு படத்துக்கும் சிலை மாதிரி நின்றான்.

நான்கு நாள் கழித்து டாக்டர் அவனை நடக்கவைத்து, முழங்காலைத் தட்டிப் பார்த்து, படத்தைத் திரையில் காட்டினார். "குனிஞ்சாலும் நிமிர்ந்தாலும் இடைவெளி ரெண்டரை மில்லிமீட்டர்தான். எலும்பு நகரவே இல்ல. தலைகீழா நிக்க வேண்டாம். கை மரத்துப்போனா உடனே வாங்க. மத்தபடி உருளலாம்."

"உருளலாமா?"

"தாராளமா."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

இங்கெலிஸ் விசும்பினாள். பியார்கே அவள் தோளைத் தட்டினான். "நல்ல சேதிதாம்மா சொன்னாரு. உனக்குச் சரியா கேக்கலியா?"

ஜிம்னாஸ்டிக்ஸ் குழுவின் மார்ச் விழாவில் பேக்கரியே திரண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். பியார்கே மெத்தைக்கு ஓடிவந்தான், குனிந்தான், உருண்டான். கொஞ்சம் கோணல்தான். எழுந்தவன் திசை தெரியாமல் சுவரைப் பார்த்துக் கைகளை விரித்து வணங்கினான். கைதட்டல் முதுகுப்பக்கம் கேட்கவே திரும்பினான்.

"ஓ, அங்க இருக்கீங்களா? அப்ப உங்களுக்கு ஒண்ணு!"

மறுபடி உருண்டான். அவன் எழுந்தபோது, கைதட்டியவர்களில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.