சம்பந்தியம்மா இன்னும் சேரவில்லை

கிட்டாரின் வயிற்றில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தடித்த கம்பியைக் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டுகிறார் லிப்ட்காரர். கம்பி ‘தொம்’ என்கிறது. அவர் முகத்தில் ஒரு கவலை. இன்னொரு தட்டு, இன்னொரு ‘தொம்’. பிறகு நிமிர்ந்து, மைக்கைப் பார்த்து, ஆபரேஷன் முடித்து வெளியே வரும் டாக்டர் சொந்தக்காரர்களிடம் சொல்வாரே, அந்தக் குரலில் சொல்கிறார்: “பெரியப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கார்.”

காபிக்கடை முழுவதும் கைதட்டுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அந்தக் கடையில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிடுவார்கள். பால் கிரேட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு, மேலே பலகை வைத்தால் மேடை தயார். துருத்தி மாதிரி இழுத்து அமுக்கி அக்கார்டியன் வாசிக்கும் தபால்காரர் வருவார். வயல்காட்டுப் பாட்டுகளை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே பாடும் அக்கா தங்கை வருவார்கள். இரண்டு கரண்டிகளை முழங்காலில் தட்டியே ஒரு ரயிலை ஓட்டிக்காட்டும் தச்சர் ஒருவர் உண்டு. கடையை நடத்தும் காபிக்கடை அக்கா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். “கரன்ட்ல ஓடுறது இங்க ரெண்டுதான். ஒண்ணு மைக்கு, இன்னொண்ணு காபி மெஷின். மூணாவதா எவனாவது எதையாவது செருகினான், கைய ஒடிச்சிடுவேன்.”

இத்தனை பேருக்கும் முன்னால் முதல் பத்து நிமிஷம் லிப்ட்காரருடையது. அது எப்படி அவருக்கு வந்தது என்று அக்காவுக்கே ஞாபகம் இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பார். சேர்த்து முடித்துப் பாட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் சேர்ந்தால்தானே!

அவர் கிட்டாரில் இருப்பது ஆறு கம்பிகள் அல்ல, ஒரு கூட்டுக் குடும்பம். தடித்தவர் பெரியப்பா, அதிகம் பேசமாட்டார், பேசினால் வீடே அதிரும். அடுத்தவர் அப்பா, அவருக்கு அடுத்து சித்தப்பா. சித்தப்பா எப்போதும் தன் சுருதிக்கு ஒரு இம்மி கீழேதான் நிற்பார், அது அப்பாவுக்குத் தரும் மரியாதையாம். நாலாவது அத்தை. ஆறாவது கடைக்குட்டி, தொட்டாலே வீல் என்று அழும். இவர்களுக்கு நடுவே ஐந்தாவதாக உட்கார்ந்திருப்பவர்தான் சம்பந்தியம்மா. கிட்டார் பிடித்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்தக் கம்பிதான் சனியன், எதோடும் ஒத்துப்போகாது என்று. லிப்ட்காரர் அப்படிச் சொல்லமாட்டார். சம்பந்தி வீட்டாரைப் பற்றி மைக்கில் பேசுவாரா மனுஷன்?

“சம்பந்தியம்மா, ஒரு சின்ன விண்ணப்பம்” என்று குனிந்து கேட்பார். திருகாணியைக் கடுகளவு திருப்புவார். ‘டிங்’. உதட்டைப் பிதுக்குவார். “கல்யாணத்துல பந்தி பரிமாறுனது சரியில்லையாம். இன்னும் மனசுல வச்சிருக்காங்க.” மறுபடியும் கடுகளவு. ‘டிங்’. “இப்ப அத்தை மேல கோவம்.” அத்தையைத் தளர்த்தினால் சித்தப்பாவுக்கு ரோஷம் வரும். சித்தப்பாவைச் சமாதானப்படுத்தினால் கடைக்குட்டி அழும். முன்வரிசையில் உட்காரும் முடிதிருத்துபவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைப்பார். கடைசியில் எல்லாரும் ஒருவழியாய்ச் சேர்ந்து, லிப்ட்காரர் தொண்டையைச் செருமும் வேளையில், அக்கா டம்ளரில் கரண்டியால் மணி அடித்துவிடுவார்.

“அடடா, நேரமாயிடுச்சா? அடுத்த வாரம் கண்டிப்பா பாடிடறேன்” என்று கும்பிடு போட்டு இறங்குவார். அந்த ‘அடடா’வில் இருக்கும் நிம்மதி இருக்கிறதே, பரீட்சை ஒத்திவைக்கப்பட்ட பையன்கூட அவ்வளவு சந்தோஷப்படமாட்டான்.

பகலில் அவருக்குத் தொழில் லிப்ட் பழுது பார்ப்பது. அங்கேயும் கம்பிதான், விரல் தடிமனுக்கு. லிப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, ஒவ்வொரு வடத்தையும் இழுத்து விட்டுப் பார்ப்பார். எல்லாம் ஒரே இழுப்பில் இருக்கவேண்டும். ஒன்று தளர்ந்தால் மற்றதெல்லாம் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். அதனால் அவருக்கு எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கும் வியாதி. நாற்காலியைத் தட்டாமல் உட்காரமாட்டார். ஒருமுறை வங்கியில் மேனேஜரின் கண்ணாடிக் கதவைத் தட்டிவிட்டு, “உள்ள வாங்க” என்று மேனேஜர் கூப்பிட்டதும், “இல்ல, சும்மா, கீல் தளர்ந்திருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தார். எந்த லிப்டில் ஏறினாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார். பக்கத்தில் நிற்பவர்களும் பயந்துபோய் அண்ணாந்து பார்ப்பார்கள். “ஒண்ணுமில்ல, பழக்கம்” என்பார். அதற்குப் பிறகு அவர்கள் மாடிப்படிக்குப் போய்விடுவார்கள்.

இவ்வளவு தைரியசாலிக்கு வீட்டில் மட்டும் ஒரு சிக்கல். அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். வெள்ளிக்கிழமைகளில் அந்தம்மாவுக்கு மாலை முறை வேலை. கச்சேரி பக்கமே வந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்பார், “எப்படிங்க போச்சு?” “ஒரே கைதட்டல்” என்பார் இவர். உண்மைதானே! “என்ன பாடினீங்க?” “எல்லாம் வழக்கமா பண்றதுதான்.” அதுவும் உண்மை. “முன்வரிசையில ஒருத்தர் கண்ணையே தொடச்சுக்கிட்டார்னா பாத்துக்கோயேன்.” இதிலும் ஒரு சொல் பொய் கிடையாது. இப்படி ஒரு பொய்கூடச் சொல்லாமல், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார் மனுஷன்.

அந்தம்மாவோ அத்தனையையும் நம்பி, இருமல் மருந்து வாங்க வருகிறவர்களிடமெல்லாம், “எங்க வீட்டுக்காரர் பாடகர். வாராவாரம் கச்சேரி” என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

பாடினால் என்னவாம் என்று கேட்பீர்கள். பாடியிருக்கிறார், ஒரே ஒருமுறை. கல்யாணத்துக்கு முன்னால், ஒரு கட்டடத்தில் லிப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் அழுகிற சத்தம். இவர் கதவிடுக்கில் வாயை வைத்துச் சொன்னார்: “பயமா இருந்தா ரெண்டு தட்டு தட்டுங்க. நானும் ரெண்டு தட்டு தட்டறேன். வெளிய ஆள் இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்.” உள்ளிருந்து இரண்டு தட்டு. வெளியிலிருந்து இரண்டு தட்டு. அழுகை நின்றது. அந்தத் தெம்பில் நம்மாள் ஒரு பாட்டை எடுத்துவிட்டார், அந்த நிமிஷத்தில் தானே கட்டியது. ஒரு வரி முடிந்ததும் உள்ளிருந்து குரல் வந்தது: “ஏங்க, பாடாதீங்க. சீக்கிரம் திறங்க.”

திறந்தார். சில மாதத்தில் அந்தப் பெண்ணோடு கல்யாணமும் ஆயிற்று. சொன்னவருக்கு அந்த வார்த்தை மறந்தே போய்விட்டது. கேட்டவருக்கு மறக்குமா? அதற்குப் பிறகு எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறார், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அந்த ஒன்று மட்டும் தொண்டையிலேயே உட்கார்ந்துவிட்டது. கிட்டார் வாங்கினார், பாட்டை மேலும் சில வரிகள் வளர்த்தார், மேடையும் கிடைத்தது. பாடத்தான் முடியவில்லை. சம்பந்தியம்மாதான் வாராவாரம் அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். போன வெள்ளிக்கிழமை அவர் மேடையேறி, பெரியப்பாவின் உடம்பை விசாரிக்கக் காதைச் சாய்த்தபோது, கடைக் கதவு திறந்தது. மருந்துக்கடை அங்கியைக்கூடக் கழற்றாமல் அந்தம்மா உள்ளே வந்தார். கூட வேலை செய்யும் பெண்ணோடு முறையை மாற்றிக்கொண்டாராம். லிப்ட்காரர் சாய்த்த தலையை நிமிர்த்தவே இல்லை. சரி, பத்து நிமிஷம் ஓட்டிவிடலாம், சம்பந்தியம்மா இருக்கிறார், மணி அடித்ததும் ‘அடடா’ என்று சொல்லிவிடலாம் என்று அவசரமாகக் கணக்குப் போட்டார்.

அந்தம்மா நேராக மேடைக்கே வந்தார். கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பா. “உங்களுக்காக வாங்கினேங்க. கிட்டார் கடையில கேட்டேன். இத மேல மாட்டிட்டு கம்பியத் தட்டினா, பச்ச லைட்டு எரியுமாம். எரிஞ்சா சுருதி சேந்துடுச்சுன்னு அர்த்தமாம். பாவம், வாராவாரம் இந்தச் சத்தத்துல எப்படித்தான் காதால கேட்டு சேக்கறீங்களோன்னு நெனப்பேன்.”

துணி காயப்போடும் கிளிப் அளவுதான் இருந்தது அது. அவ்வளவு அன்பாக நீட்டினால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கடைசி நம்பிக்கையாகக் காபிக்கடை அக்காவைப் பார்த்தார். “கரன்ட்ல ஓடுறது...” என்று ஈனசுரத்தில் ஆரம்பித்தார்.

“அது பேட்டரிண்ணே” என்றார் அக்கா. துரோகி!

அந்தம்மா தன் கையாலேயே அதைக் கிட்டாரின் தலையில் மாட்டிவிட்டு, முடிதிருத்துபவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

லிப்ட்காரர் பெரியப்பாவைத் தட்டினார். பச்சை. அப்பா, பச்சை. சித்தப்பா இம்மி கீழே இருந்தார். ஒரு திருகு, பச்சை. அத்தை, பச்சை. சம்பந்தியம்மாவுக்கு வந்தார். ‘டிங்’. சிவப்பு. கடையே ஆவலாக முன்னால் சாய்ந்தது. பழக்க தோஷத்தில் விரல் கடுகளவு திருப்பியது. ‘டிங்’.

பச்சை.

“ஐயையோ, சமாதானமே ஆயிட்டாங்களா!” என்று அலறினார் முடிதிருத்துபவர், சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி. கடைக்குட்டிகூட அழவில்லை, அதுவும் பச்சை. மேடைக்கு வந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மீதி நேரம் முழுக்க அவர் முன்னால் பாலைவனமாகக் கிடந்தது.

“பாடுங்க” என்றார் மனைவி, ஆசையாக.

வேறு வழி இல்லை. தொண்டையைச் செருமினார். இன்னொரு முறை செருமினார். மூன்றாவது செருமலுக்கும் கைதட்டல் விழுந்துவிடுமோ என்று பயந்து ஆரம்பித்துவிட்டார்.

“மேலயும் இல்ல கீழயும் இல்ல, நடுவுல நிக்குது பொட்டி,
உள்ள ஒருத்தி வெளிய ஒருத்தன், பேசுறோம் கதவத் தட்டி...”

குரல் நல்ல குரல் என்று சொல்ல ஆசைதான், மனசாட்சி விடவில்லை. பழைய லிப்ட் மாதிரி குலுங்கிக் குலுங்கி ஏறியது. “மூணாவது மாடியும்...” என்று எடுத்தார். அங்கேயே நின்றுவிட்டது. “மூணாவது...” மறுபடியும் அதே இடம். ஆறு கம்பியும் அருமையாகச் சுருதி சேர்ந்திருக்க, பாடுகிறவர் மட்டும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்தார். அவருடைய காதில் அந்தப் பழைய குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது: பாடாதீங்க, பாடாதீங்க. தபால்காரர் அக்கார்டியனைப் பார்த்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அப்போது மேசையில் இரண்டு தட்டு கேட்டது.

அந்தம்மாதான். விரலை மடக்கி, மேசைப் பலகையில், டொக் டொக். முகத்தில் அப்படி ஒரு பதற்றம், அவரே உள்ளே மாட்டிக்கொண்டவர் மாதிரி. லிப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். கை தானாகப் போய் கிட்டாரின் வயிற்றில் தட்டியது, டொக் டொக். பெட்டி நகர்ந்துவிட்டது.

“மூணாவது மாடியும் வேணாம் கண்ணே, நாலாவது மாடியும் வேணாம்,
நீ நிக்கிற எடமே போதும் எனக்கு, வேற எடமே வேணாம்.”

அவ்வளவுதான் பாட்டு. கரண்டித் தச்சர்தான் முதலில் தட்டினார். பிறகு கடையே தட்டியது. அக்கா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மெஷின் ஆவி என்றார். மெஷின் ஓடவே இல்லை. அந்தம்மா பூரித்துப்போய், முடிதிருத்துபவர் பக்கம் திரும்பி, “வாராவாரம் இப்படித்தான் பாடுவாரா?” என்று கேட்டார்.

முடிதிருத்துபவர் நல்ல மனுஷன். ஆனால் அவர் வாயில் எதுவும் நிற்காது. “எங்கம்மா! பாட்டுன்னு ஒண்ணு அவர்கிட்ட இருக்குன்னே எங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியும்” என்றார். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டு என்ன பிரயோஜனம்!

அந்தம்மா மெதுவாக மேடைப் பக்கம் திரும்பினார். இருமல் மருந்துக்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பார்வையில் இருந்தார்கள்.

“அப்போ இத்தனை நாளா இங்க வந்து என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?”

லிப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார், அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அவர் கிட்டாரின் தலையிலிருந்த கிளிப்பைப் பத்திரமாகக் கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சம்பந்தியம்மாவின் திருகாணியைப் பிடித்து, ஒரு முழுச் சுற்று தளர்த்திவிட்டு, காதைச் சாய்த்தார்.